உங்கள் பகுதியைத் தேர்ந்தெடுக்கவும்

பர்லியாரில் மலைப்பாதை ஓரமாகப் பழக்கடை வைத்திருக்கும் என் அத்தைக்கு அவர் மகன் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். பெட்டியைப் பிரித்து, திரையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் அத்தையே பதில் சொல்லி முடித்திருக்கிறார். நான் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது முதல் புகார் இதுதான்: “பாப்பா, இந்த போனுக்கு என்னமோ ஆயிப்போச்சு. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்குப் பதினேழு நாப்பத்தஞ்சுங்குது. காலண்டர்ல ஞாயித்துக்கெழமையக் கொண்டுபோய்க் கடைசில வச்சிருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை கடைசியில் இருந்தால் அத்தைக்குப் பிடிக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வண்டிகள் அதிகம் நின்று மங்குஸ்தானும் பலாவும் வாங்குவது அன்றைக்குத்தான். அவருடைய வாரம் ஞாயிற்றில்தான் தொடங்குகிறது.

அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். மொழி: தமிழ். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: இலங்கை.

“அத்தே, இலங்கைன்னு போட்டு வச்சிருக்கீங்க.”

“ஆமா. ஒங்க பகுதி எதுன்னு கேட்டுச்சு. தலவாக்கலை அதுல இல்ல. இலங்கைன்னு இருந்துச்சு, அமுக்குனேன். பொறந்த எடத்தத்தானே கேக்குது?”

ஆண்ட்ராய்டு போனில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், அடுத்து ‘எந்தப் பகுதித் தமிழ்’ என்று கேட்கும். நான்கு பெயர்கள் வரும்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. நாம் பெரும்பாலும் யோசிக்காமல் முதல் பெயரைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். மொழியும் பகுதியும் போனுக்கு வேறு வேறு. மொழி, எழுத்துகளை முடிவு செய்கிறது. பகுதி, பழக்கங்களை முடிவு செய்கிறது. இலங்கை என்று வைத்தால் கடிகாரம் இருபத்து நான்கு மணிக்கு மாறும், வாரம் திங்களில் தொடங்கும். மலேசியா என்று வைத்தால் நம் 1,00,000 அங்கே 100,000 ஆகிவிடும். ஒரே லட்சம்தான், காற்புள்ளிக்குத்தான் இடம்பெயர்வு. வேண்டுமென்றால் ஒரு நாளைக்குப் பத்துமுறை மாற்றிக்கொள்ளலாம்; போன் ஏன் என்று கேட்காது, சான்றிதழும் கேட்காது.

இந்தத் தாராளம் கடிகாரத்துக்கும் காலண்டருக்கும் மட்டும்தான். பணம் அல்லது அதிகாரம் சம்பந்தப்பட்ட இடத்தில் போன் உங்கள் வார்த்தையை நம்பாது. யூபிஐ செயலி, நீங்கள் பகுதி என்று எதைப் போட்டாலும் சட்டை செய்யாது, சிம்மைத்தான் பார்க்கும். கூகுள் பிளே ஸ்டோரில் நாட்டை மாற்ற, நீங்கள் அந்த நாட்டில் இருந்து, அந்த நாட்டுக் கட்டண முறையையும் காட்டியாக வேண்டும். அதுவும் ஆண்டுக்கு ஒருமுறைதான். சீனப் பகுதி என்று வைத்த ஐபோனில் தைவான் கொடியின் எமோஜி காணாமல்போகும். இந்தியாவிலிருந்து கூகுள் வரைபடத்தைத் திறந்தால் காஷ்மீரின் எல்லை முழுக்கோடு. வெளிநாட்டிலிருந்து திறந்தால் அதே எல்லை புள்ளிக்கோடு. எந்த அரசு எங்கே கோடு போடச் சொல்கிறதோ அங்கே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆக, பகுதியில் இரண்டு வகை உண்டு. நாமே சொல்லிக்கொள்ளும் பகுதி ஒன்று. நமக்காக வேறு யாரோ எழுதிவைக்கும் பகுதி இன்னொன்று. அத்தையின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அன்று மாலை நான் யோசித்துக்கொண்டிருந்தது இரண்டாவது வகையைப் பற்றி.

அந்த நான்கு பெயர்களை மறுபடி பாருங்கள். ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் தொன்றுதொட்டு வாழ்கிறார்கள், அதை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்கிறேன். மற்றபடி இந்தப் பட்டியல் கூலிகள் போன வழியைக் காட்டும் படம். இலங்கை மலையகத்தின் காப்பிக்கும் தேயிலைக்கும், மலாயாவின் ரப்பருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆள் பிடித்தார்கள். ஆள் பிடித்த கங்காணிகளில் பலர் நிலம் வைத்திருந்த சாதிகளைச் சேர்ந்தவர்கள். பிடிபட்டவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். சேரியில் பட்ட கடனைத் தோட்டத்தில் அடைக்கலாம் என்று போனவர்களுக்குத் தோட்டத்தில் கங்காணியிடம் புதுக் கடன் பிறந்தது. லயன் வீடுகளிலும் சாதி பார்த்துத்தான் குடிவைத்தார்கள். தமிழ் கடல் தாண்டியதைப் பெருமையாகப் பேசும் மேடைகளில், அதைச் சுமந்து கடல் தாண்டியவர்கள் யார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அத்தையின் பெற்றோர், அதாவது என் தாத்தா பாட்டி, அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த நவம்பர் 15 முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. சில தலைமுறைகளாக அந்த மண்ணில் உழைத்தவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அதற்குப் பதினொரு நாள் முன்புதான், நவம்பர் 4 அன்று, அம்பேத்கர் டெல்லியில் அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்து, கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்வதாகச் சொல்லியிருந்தார். கிராமத்திலிருந்து தப்பித்துப் போனவர்களின் பிள்ளைகளிடம், கடலின் அந்தப் பக்கத்தில், ‘உன் அப்பா எங்கே பிறந்தார், அதற்கு அத்தாட்சி எங்கே’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-ல் சிறிமாவோவும் இந்திராவும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பத்து லட்சம் பேருக்குப் பகுதி அமைப்பை மாற்றினார்கள். அந்தப் பத்து லட்சம் பேரைக் கேட்கவில்லை.

அத்தைக்குப் பதினோரு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறியது நினைவிருக்கிறது. ராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளைத் தடுத்துவைத்து, நோய் பரிசோதித்து அனுப்பிய அதே மண்டபம். பிறகு நீலகிரி. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968-ல் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் பின்னர் டேன்டீ ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று லயன்கள் முளைத்தன. அரசுத் தாளில் எங்களுக்குப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. கடைவீதியில் ‘சிலோன்காரங்க’. அங்கே இருந்தவரை எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள் ஆகிவிட்டோம்.

நீலகிரியில் வளர்ந்தவர்களுக்கு ‘எந்த ஊர்’ என்ற கேள்வி எப்படி விரியும் என்று தெரியும். நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் முதல் வாரம் ஒரு மூத்த ஆய்வாளர் அன்பாகத்தான் கேட்டார். நீலகிரியா? படுகரா? இல்லையா? அப்போ எஸ்டேட்டா? எஸ்டேட்டில் எங்கேயிருந்து வந்தவங்க? சிலோனா? அதற்கு முன்னால் எந்த மாவட்டம்? திருச்சிப் பக்கமா, சேலம் பக்கமா? ஐந்தாவது கேள்வியில் வந்து நின்றுவிட்டார். வேண்டியது கிடைத்துவிட்டது. யாரும் நேரடியாகச் சாதி கேட்பதில்லை, பகுதியைக் கேட்கிறார்கள். சமவெளியில் இந்தக் கேள்வி இன்னும் சுருக்கம்: “ஊருல எந்தப் பக்கம்?” இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேருக்கு அந்தக் கேள்வி வரும்போது தொண்டையில் ஏதோ அடைப்பது போலிருக்கும் என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதிப்பேர் அதை வெறும் ஊர் விசாரிப்பு என்று நினைத்திருப்பீர்கள்.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் போனில் டெலிவரி முகவரி எழுதுகிற கட்டத்தில் ‘பகுதி’ என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கே பழைய பெயரைத் தட்டினால்தான் பையன் சரியான தெருவுக்கு வருகிறான்.

இனி, சட்டத்தின் பகுதி அமைப்புக்கு வருகிறேன். ஆய்வுக்காக இதைத் தோண்டியபோதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

பட்டியல் சாதிகள் எவை என்பதை அரசியலமைப்பின் 341-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவிக்கிறார். ‘அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை’ என்பதுதான் அதன் உயிர்நாடி. பழங்குடிகளுக்கு 342-லும் அப்படியே. ஆந்திராவில் பிறந்து, ஒன்பது வயதில் தந்தையின் வேலை காரணமாக மகாராஷ்டிரத்துக்கு வந்த ஒரு மாணவர், அங்கே மருத்துவக் கல்லூரியில் பழங்குடி இடம் கேட்டார். கிடையாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குப் போனால் அந்தத் தகுதி கூடவே வராது. 2018-ல் அரசியல் சாசன அமர்வு, டெல்லி குடிநீர் வாரியம் தொடர்பான பீர் சிங் வழக்கில் இதையே மறுபடி உறுதி செய்தது.

மாநிலத்துக்குள்ளேயும் கோடுகள் உண்டு. வண்ணார், கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் பட்டியல் சாதி. அந்த எல்லையைத் தாண்டினால் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். 1956-க்கு முன்பு திருவிதாங்கூர்-கொச்சி எங்கே முடிந்ததோ அந்தக் கோடு இன்றும் ஒரு மனிதரின் சான்றிதழ் வழியாக ஓடுகிறது. எங்கள் பக்கம் பாருங்கள்: பழங்குடிப் பட்டியலில் குறும்பர் என்ற பெயருக்குப் பக்கத்தில் ‘நீலகிரி மாவட்டத்தில்’ என்று அடைப்புக்குறி. பர்லியாருக்குக் கீழே கல்லாறு பக்கம் இறங்கினால் கோவை மாவட்டம் வந்துவிடும்.

அந்த அடைப்புக்குறிக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சமவெளியில் ஆடு மேய்த்து வாழ்ந்த வேறு ஒரு சமூகத்துக்கும் அதே பெயர் உண்டு. ஒரே பெயரில் இரண்டு வரலாறுகள் இருக்கும்போது எல்லைக்கோடு ஒருவிதத்தில் காவலாக நிற்கிறது. வளர்ந்த சாதிகள் பெயரை வைத்து ஏமாற்றிப் பட்டியலுக்குள் நுழைவதை நாம் பார்க்காதவர்களா என்ன? ஆனால் 1976-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மாநிலத்துக்குள் இருந்த இத்தகைய பகுதிக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. அப்படி நீக்கினால் வானம் இடிந்து விழுந்துவிடாது என்பது அன்றைக்கே தெரிந்ததுதான்.

தாயகம் திரும்பியோரின் சிக்கல் இதைவிட விசித்திரம். நாங்கள் வேறு மாநிலப் பட்டியலிலிருந்து வரவில்லை. பட்டியலே இல்லாத நாட்டிலிருந்து வந்தோம். என் அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்துச் சாதிச் சான்றிதழுக்குப் போனபோது, ஒரு அலுவலகத்தில் சொன்னார்கள்: அப்பா பிறந்தது இலங்கையில், எனவே பூர்வீக மாவட்டத்திலிருந்து அத்தாட்சி வேண்டும். அப்பா சேலம் பக்கம் தன் தாத்தா பிறந்ததாகச் சொல்லப்படும் கிராமத்தைத் தேடிப்போனார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் சேரியில் போய் விசாரித்திருக்க வேண்டும். அந்தச் சேரியில் இருந்தவர்களும் பாதிக்கு மேல் வெளியேறி இருந்தார்கள். மூன்று முறை போய், கடைசியில் ஒரு கிழவி, என் கொள்ளுத்தாத்தாவின் பட்டப்பெயரைச் சொல்லி அடையாளம் காட்டினாராம். எந்த ஊரின் தீண்டாமையிலிருந்து தப்பிக்கக் கடல் கடந்தார்களோ, அந்த ஊரே வந்து ‘ஆமாம், இவர்களை நாங்கள் தீண்டவில்லை’ என்று சாட்சி சொன்னால்தான் சான்றிதழ். அண்ணனுக்கு அந்த ஆண்டு போய்விட்டது. அடுத்த ஆண்டு அவன் படிக்கப் போகவில்லை.

இவர்களைக் கப்பலில் ஏற்றியது யார்? இரண்டு அரசுகள். உடன்படிக்கையைப் போட்டு, ஆளெண்ணி, குடும்பம் குடும்பமாகப் பதிந்து, மண்டபத்தில் இறக்கியது இந்திய அரசு. அந்தப் பதிவேடு அரசிடம் இருக்கும்போது, பூர்வீகத்தை நிரூபிக்கும் வேலையைத் தேயிலை கிள்ளுகிற குடும்பத்தின் தலையில் கட்டுவது எந்த நியாயம்?

இதிலும் கொடுமை, 1983-க்குப் பிறகு வன்முறைக்குத் தப்பி வந்து, முகாம்களில் அகதிகள் என்று பதியப்பட்ட மலையக வம்சாவளியினர் கதை. ஒரே தோட்டம், ஒரே லயன், பக்கத்துக் காம்பரா. உடன்படிக்கைக் கணக்கில் வந்தவர் குடிமகன். பிறகு படகில் வந்தவர் அகதி. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், அவர்களின் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. அத்தை தலவாக்கலையைத் தேடியதுபோல அவர்களும் தேடியிருப்பார்கள். அவர்களுக்கு அமுக்குவதற்குப் பக்கத்துப் பெயர் ஒன்றுகூட இல்லை.

சாதி ஒழிப்பு பேசுகிற நம்மில் சிலர், இடஒதுக்கீட்டை மாநில எல்லைக்குள் வைத்திருப்பதுதான் சரி, இல்லாவிட்டால் உள்ளூர் ஒடுக்கப்பட்டோரின் இடம் பறிபோகும் என்கிறார்கள். வேலைவாய்ப்பு, கல்வி இடங்கள் என்ற அளவில் அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பாதுகாப்பு என்பது வேறு. சாதி எங்கேயும் ரோமிங்கில் வேலை செய்கிறது. தலவாக்கலையின் லயனில் வேலை செய்தது, திருப்பூரில் வாடகை வீடு தேடும்போது வேலை செய்கிறது, அமெரிக்கக் கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறது. சியாட்டில் நகரம் 2023-ல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் போட வேண்டியிருந்ததே அதனால்தான். சாதிக்கு எதிரான நிவாரணத்துக்கு மட்டும் டவர் எல்லைக் கோட்டில் நின்றுவிடுகிறது. 2023 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, தன் சாதி பட்டியலில் இல்லாத மாநிலத்தில் வன்கொடுமைக்கு ஆளானாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. இதை எல்லா மாநிலங்களிலும் ஐயமின்றிச் செல்லுபடியாக்கச் சட்டத்திலேயே ஒரு வரி சேர்க்கக் கேட்பது நம் கோரிக்கைகளில் இருக்க வேண்டும். இரண்டாவது, அரசே உடன்படிக்கை போட்டு இடம்பெயர்த்தவர்களிடம் ‘பூர்வீக’ அத்தாட்சி கேட்பதை நிறுத்தி, தாயகம் திரும்பியபோது பதிந்த ஆவணத்தையே ஆதாரமாக ஏற்க வேண்டும். நிலமும் இதில் சேரும். டேன்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசு முடிவெடுத்தபோது, ஓய்வுபெற்றதும் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய தொழிலாளர்கள், நாங்கள் இனி எங்கே திரும்புவது என்று கேட்டார்கள். தாயகம் திரும்பி ஐம்பது ஆண்டு ஆனவர்கள் கேட்ட கேள்வி அது.

அத்தையிடம் திரும்பி வருகிறேன். பகுதியை இந்தியா என்று மாற்றப் போனேன். “இரு, இரு. அத ஏன் மாத்துற? எனக்கு மணியும் ஞாயித்துக்கெழமையும் சரியா வந்தாப் போதும்” என்றார்.

“அது இருந்தாத் தப்பில்லையா அத்தே?”

“ஒனக்கு என்ன தப்பு? போனுக்குத் தெரிஞ்சா என்ன?”

புதிய ஆண்ட்ராய்டில் பகுதியைத் தொடாமலே வாரத்தின் முதல் நாளைத் தனியாக மாற்ற ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஞாயிறு என்று வைத்தேன். தேதி, நேரம் என்ற இடத்தில் பகுதியின் வழக்கப்படி என்பதை அணைத்து, பன்னிரண்டு மணிக்கு மாற்றினேன். பதினேழு நாற்பத்தைந்து, பிற்பகல் 5:45 ஆனது. மொழிக்குக் கீழே சின்ன எழுத்தில் இலங்கை அப்படியே இருந்தது.

அத்தை போனை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். மேலே போகிற பேருந்து ஒன்று கடைக்கு முன்னால் நின்றது. இறங்கி வந்தவர்களில் ஒருவர் மங்குஸ்தானைக் கையில் எடுத்துப் பார்த்து, இது வெளிநாட்டுப் பழமா என்று கேட்டார். “இங்க வெளையிறதுதான் சார்,” என்றார் அத்தை, “கிலோ போடவா, அரைக்கிலோ போடவா?”